மன்னிப்பவர் யார், தீர்ப்பளிப்பவர் யார்?



துன்பத்தில் இருக்கும் மனிதருக்கு உலகம் இரண்டு வகையான அறிவுரைகளைச் சொல்கிறது. "விடாதே, நியாயம் கிடைக்கும் வரை போராடு" என்பது ஒன்று. "மறந்துவிடு, மன்னித்துவிடு, கடவுள் பார்த்துக்கொள்வார்" என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். கேட்பவருக்கோ இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. மன்னித்தால் நீதியைக் கைவிட்டதாகிறது. நீதி கேட்டாலோ மன்னிக்க மனமில்லாதவர் என்ற பெயர் வருகிறது.

இந்தக் குழப்பம் எல்லாச் சமயத்தார் வீட்டிலும் உண்டு. பங்காளித் தகராறு முதல் கொலை வழக்கு வரை இதே கேள்விதான் வெவ்வேறு வடிவில் எழுகிறது. எனினும் மன்னிப்புக்கு மிகப் பெரிய இடம் தரும் சமயம் கிறிஸ்தவம் ஆதலால், அங்கே இக்கேள்வி கூர்மையாக நிற்கிறது. ஒரிசா என்று அப்போது வழங்கிய ஒடிசா மாநிலத்தில் 1999இல் நடந்த ஒரு கொடுமையையும், அதற்குப் பின் கால் நூற்றாண்டுக் காலம் நடந்தவற்றையும் வைத்து இதனை ஆராய்வோம். வேதாகமம் உள்ளவர்கள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நலம். இல்லாதவர்களுக்கும் விளங்கும்படியே எழுதியிருக்கிறோம்.

நடந்தது என்ன?

கிரகாம் ஸ்டெயின்ஸ் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தைச் சேர்ந்தவர். 1965இல் இந்தியா வந்தார். மயூர்பஞ்ச் மாவட்டத்தின் தலைநகரான பாரிபதாவில் தங்கி, தொழுநோயாளிகளிடையே பணி செய்தார். ஒடியாவும் சந்தாலியும் கற்று, அந்த மக்களின் மொழியிலேயே அவர்களோடு பேசினார். 1983இல் கிளாடிஸ் என்னும் செவிலியரை மணந்தார். எஸ்தர் என்ற மகளும், பிலிப், திமொத்தி என்ற மகன்களும் பிறந்தனர். பிள்ளைகள் நமது உதகமண்டலத்தில் உள்ள ஒரு பள்ளியில் படித்தார்கள் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

1999 ஜனவரி 22ஆம் தேதி இரவு, கியோஞ்சர் மாவட்டத்து மனோகர்பூர் கிராமத்தில், ஆண்டுதோறும் நடக்கும் கிறிஸ்தவக் கூடுகை ஒன்றுக்காக ஸ்டெயின்ஸ் சென்றிருந்தார். விடுமுறையில் வந்திருந்த இரு மகன்களும் உடன் இருந்தனர். பிலிப்புக்கு வயது 10, திமொத்திக்கு 6. குளிர் அதிகமாக இருந்ததால் மூவரும் தங்கள் வண்டிக்குள்ளேயே உறங்கினார்கள். நள்ளிரவுக்குப் பின் ஒரு கும்பல் வந்து வண்டியைச் சூழ்ந்து தீ வைத்தது. மூவரும் வெந்து இறந்தார்கள். மதமாற்றம் செய்கிறார் என்ற வெறுப்பே அக்கும்பலைத் தூண்டியது. அதற்குத் தலைமை தாங்கியவர் தாரா சிங்.

அதே ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் மயூர்பஞ்ச் பகுதியில் ஷேக் ரஹ்மான் என்னும் வியாபாரியும், அருள்தாஸ் என்னும் கத்தோலிக்கக் குருவும் கொல்லப்பட்டனர். அவ்வழக்குகளிலும் தாரா சிங்கின் பெயர் வந்தது. ஸ்டெயின்ஸ் குடும்பத்தின் துயரம் உலகம் முழுவதும் பேசப்பட்டது. இவ்விருவர் பெயரும் அவ்வளவாகப் பேசப்படவில்லை. உயிரின் விலை பத்திரிகைச் செய்தியின் அளவைப் பொறுத்ததன்று என்பதால், இவர்களையும் இங்கே நினைவுகூர்வது முறை.

மனைவி சொன்ன சொல்

கணவரையும் இரு மகன்களையும் ஒரே இரவில் இழந்த கிளாடிஸ், கொன்றவர்களைத் தாம் மன்னிப்பதாகவும், தம் மனத்தில் கசப்பில்லை என்றும் சொன்னார். பாரிபதாவில் நடந்த அடக்க ஆராதனையில் அவரும், அப்போது 13 வயதான மகள் எஸ்தரும் ஞானப்பாடல் பாடினார்கள். நாடு வியந்தது. சிலர் போற்றினர். சிலருக்கு ஐயம் எழுந்தது. "இவரே மன்னித்த பிறகு வழக்கு எதற்கு?" என்று கேட்டவர்கள் உண்டு.

இந்த இடத்தில்தான் நாம் நிதானமாகக் கவனிக்க வேண்டும். மன்னித்தேன் என்று சொன்ன அதே கிளாடிஸ், மத்திய அரசு அமைத்த நீதிபதி வாத்வா விசாரணை ஆணையத்துக்குத் தம் வாக்குமூலத்தை எழுத்து மூலம் அளித்தார். மன்னிப்பு வேறு, குற்றத்தின் பின்விளைவு வேறு, இரண்டையும் கலக்கக் கூடாது என்ற கருத்தைப் பின்னரும் தெளிவுபடுத்தினார். தம் மனத்துக்குள் இருப்பதைத் தாம் தீர்மானித்தார். சட்டத்தின் வேலையைச் சட்டத்துக்கு விட்டார். நம் பாடத்தின் மையமும் இதுதான்: மன்னிப்பு காயப்பட்டவரின் கையில் உள்ளது, தீர்ப்பு பொது நீதியின் கையில் உள்ளது. ஒருவர் கையில் உள்ளதை மற்றவர் பறிக்கக் கூடாது.

வேதாகமம் காட்டும் மூன்று இடங்கள்

சிலுவையில் தொங்கியபோது தம்மைக் கொல்பவர்களுக்காக இயேசு மன்னிப்பு வேண்டினார் என்பதை லூக்கா 23ஆம் அதிகாரம் கூறுகிறது. கிறிஸ்தவ மன்னிப்புக்கு அதுவே ஊற்று. ஆனால் அதை மட்டும் தனியே எடுத்து, "ஆகவே கிறிஸ்தவன் நீதி கேட்கக் கூடாது" என்று முடிவு கட்டுவது சரியா? மூன்று இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது, லூக்கா 18. இயேசு ஒரு கதை சொல்கிறார். கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதிக்காத ஒரு நீதிபதி. அவனிடம் ஒரு விதவை தனக்கு நியாயம் வழங்கும்படி நாள்தோறும் வந்து நிற்கிறாள். தொல்லை தாங்காமல் கடைசியில் அவன் நியாயம் செய்கிறான். "இவள் ஏன் மன்னித்துவிட்டுப் போகக் கூடாது?" என்று இயேசு கேட்கவில்லை. அவளைச் சோர்வில்லாத பிரார்த்தனைக்கு முன்மாதிரியாகவே நிறுத்துகிறார். பாண்டியன் அவையில் ஒற்றைச் சிலம்போடு நின்ற கண்ணகியை அறிந்த நமக்கு இந்த விதவையை அடையாளம் காண்பது எளிது. மறுக்கப்பட்ட நீதி ஒரு நகரையே எரிக்கும் என்பதையும் இளங்கோவடிகள் நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்.

இரண்டாவது, அப்போஸ்தலர் நடபடிகள் 16. பிலிப்பி நகரில் பவுலும் சீலாவும் விசாரணையின்றி அடிக்கப்பட்டுச் சிறையில் தள்ளப்படுகிறார்கள். இரவில் நிலநடுக்கம் வந்து கதவுகள் திறந்துகொள்கின்றன. கைதிகள் தப்பிவிட்டார்கள் என்று எண்ணிய சிறைக்காவலன் தன்னையே மாய்த்துக்கொள்ளப் போகிறான். பவுல் குரல் கொடுத்து அவனைக் காப்பாற்றுகிறார். தம் கால்களைத் தொழுமரத்தில் மாட்டியவனிடம் காட்டிய இரக்கம் இது. பொழுது விடிந்ததும் அதிகாரிகள், "ஓசைப்படாமல் போய்விடட்டும்" என்று ஆள் அனுப்புகிறார்கள். பவுல் மறுக்கிறார். ரோமக் குடிமக்களைப் பொதுவில் அடித்துவிட்டு இரகசியமாக அனுப்புவதா, அவர்களே நேரில் வந்து எங்களை வெளியே அழைத்துச் செல்லட்டும் என்கிறார். காவலனுக்கு இரக்கம், அதிகாரிகளிடம் நியாயம். ஒரே மனிதர், ஒரே அதிகாரம், ஒரு இரவும் ஒரு பகலும்! தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை அவர் விழுங்கியிருந்தால், அடுத்து வருபவனையும் அந்த அதிகாரிகள் அப்படியே அடித்திருப்பார்கள் அல்லவா?

மூன்றாவது, ரோமர் 12, 13 அதிகாரங்கள். பழிவாங்குவதை உங்கள் கையில் எடுக்காதீர்கள், பகைவன் பசித்திருந்தால் உணவு கொடுங்கள் என்று 12ஆம் அதிகாரத்தின் இறுதியில் பவுல் அறிவுறுத்துகிறார். 13ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், தீமை செய்பவனைத் தண்டிக்கும் பொறுப்பு ஆட்சிக்கு உண்டு என்கிறார். இவை முரண்போலத் தோன்றக் காரணம் நாம் நடுவில் நிறுத்திவிடுவதுதான். பவுல் எழுதியது ஒரே கடிதம். அதிகாரப் பிரிவுகள் பல நூற்றாண்டுகளுக்குப் பின் மற்றவர்கள் இட்டவை. நிறுத்தாமல் படித்தால் கருத்து விளங்கும்: தனிமனிதன் பழிவாங்காமல் இருக்க வேண்டுமானால், நீதி செய்யும் பொறுப்பைச் சுமக்க ஒரு பொது அமைப்பு இருக்க வேண்டும். ஆட்சி தன் கடமையைச் செய்யாத இடத்தில்தான் மக்கள் அரிவாளைத் தேடுகிறார்கள்.

நம் வள்ளுவர் வைத்த இடம்

இந்த வேறுபாடு நமக்குப் புதியதன்று. திருக்குறளில் பொறையுடைமை 16ஆம் அதிகாரம். தமக்குத் தீங்கு செய்தவரைப் பொறுத்தலின் பெருமையைக் கூறுவது. அது அறத்துப்பாலில், இல்லறவியலில் இருக்கிறது. செங்கோன்மை 55ஆம் அதிகாரம். நடுநிலை தவறாமல் முறை செய்தலைக் கூறுவது. அது பொருட்பாலில், அரசியலில் இருக்கிறது. பொறுமையை இல்லறத்தானிடமும், முறை செய்தலை மன்னனிடமும் வள்ளுவர் ஒப்படைத்தார். மன்னன் தன் குடிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை "பொறுத்துக்கொண்டேன்" என்று சொன்னால் அது பொறையுடைமை ஆகாது, கடமை தவறியதாகும். அவ்வாறே இல்லறத்தான் தானே தண்டனை கொடுக்கப் புறப்பட்டால் அது செங்கோன்மை ஆகாது.

நீதி நடந்த வழி

இனி வழக்குக்கு வருவோம். தாரா சிங் ஓராண்டுக்கும் மேலாகக் காட்டுப் பகுதிகளில் ஒளிந்திருந்து, 2000 ஜனவரி இறுதியில் பிடிபட்டார். 2003 செப்டம்பரில் புவனேஸ்வரத்தில் விசாரணை நீதிமன்றம் தாரா சிங்குக்கு மரண தண்டனையும், வேறு 12 பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. 2005 மே மாதம் ஒரிசா உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. மகேந்திர ஹெம்பிரம் என்பவரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. மற்ற 11 பேரைப் போதிய சான்று இல்லை என்று விடுவித்தது. 2011 ஜனவரி 21ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இத்தீர்ப்பை உறுதி செய்தது. மரண தண்டனை வேண்டும் என்ற சி.பி.ஐ.யின் கோரிக்கையை ஏற்கவில்லை.

இதில் இரண்டு செய்திகளை நாம் படிப்பினையாகக் கொள்ளலாம். ஒன்று, 11 பேர் விடுவிக்கப்பட்டது. கொடுமை பெரிது என்பதற்காகச் சான்று சிறிதாக இருந்தாலும் போதும் என்று நீதி சொல்லலாகாது. பலர் சேர்ந்து செய்த குற்றத்தில் யார் என்ன செய்தார் என்பதைத் தனித்தனியே நிறுவ வேண்டியிருக்கிறது. மனம் ஆறாது, ஆனாலும் அதுவே முறை.

மற்றொன்று, உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் மதமாற்றம் பற்றி இடம்பெற்ற சில வாசகங்கள். கொலைக்குப் பின்னால் ஒரு நியாயம் இருப்பதுபோன்ற தோற்றத்தை அவை தருகின்றன என்று பலர் சுட்டிக்காட்டினர். நான்கே நாளில், ஜனவரி 25ஆம் தேதி, நீதிமன்றம் தானே முன்வந்து அவ்வாசகங்களை நீக்கியது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமும் தன் சொல்லைத் திருத்திக்கொள்ள முடியும் என்பது நமக்கு நம்பிக்கை தரும் செய்தி. மதமாற்றம் குறித்து நம்மிடையே வெவ்வேறு கருத்துகள் இருக்கலாம். இவ்விதழின் வாசகர்களிடையேயும் இருக்கும். அக்கருத்து வேறுபாடு எதுவாயினும், உறங்கும் குழந்தைகளைக் கொளுத்துவதற்கு அது ஒருபோதும் காரணம் ஆகாது.

உறுதி என்பது எது?

மன்னிப்பை ஒரு நொடியில் சொல்லிவிடலாம். அதன்படி வாழ ஆண்டுகள் ஆகும். கிளாடிஸ் அடுத்த விமானத்தில் தாய்நாடு திரும்பியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் பாரிபதாவிலேயே தங்கி, தொழுநோயாளர் இல்லத்தை 2004 வரை நடத்தினார். எந்த மாநிலத்து மனிதர்கள் தம் குடும்பத்தை எரித்தார்களோ, அதே மாநிலத்தில் கைவிடப்பட்டவர்களின் புண்ணைக் கழுவிக் கட்டும் பணி தொடர்ந்தது. 2004இல் கிரகாம் ஸ்டெயின்ஸ் பெயரில் அங்கே ஒரு மருத்துவமனையும் எழுந்தது. 2005இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

உறுதி என்ற சொல்லை நாம் பெரும்பாலும் எதிர்ப்போடு சேர்த்தே நினைக்கிறோம். இங்கே உறுதி வேறு வடிவில் வருகிறது. பகை தன் பாதையை மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்வது ஓர் உறுதி. கொலையாளிகள் விரும்பியது அந்தப் பணி நிற்க வேண்டும் என்பதே. பணி நிற்கவில்லை. பழிவாங்காமலே அவர்களைத் தோற்கடித்த வழி அது. மீகா தீர்க்கதரிசி 6ஆம் அதிகாரத்தில் நியாயம், இரக்கம், தாழ்மை ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் கேட்பதன் பொருள் இப்போது விளங்கும். மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டை விட்டுவிட அங்கே அனுமதியில்லை.

மன்னிப்பை யாரும் வற்புறுத்தலாகாது

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் தேவை. கிளாடிஸின் எடுத்துக்காட்டைப் பிறர் மீது சுமையாக ஏற்றக் கூடாது. கணவனிடம் அடி வாங்கும் பெண்ணிடம், "அந்த அம்மாள் கொலையையே மன்னித்தார், உன்னால் இதைப் பொறுக்க முடியாதா?" என்று கேட்பது பாவம். அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. ஏமாற்றப்பட்ட தொழிலாளியிடம், "முதலாளியை மன்னித்துவிடு" என்று உபதேசிப்பவர், அவனுடைய கூலியை வாங்கித் தர என்ன செய்தார் என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். காயப்படாதவர் மன்னிப்பைப் பற்றிப் பேசுவது மிகவும் எளிது.

யோபுவின் நண்பர்களை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபுவிடம் அவர்கள் வந்தார்கள். ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது மிகச் சரி. பிறகு வாய் திறந்தார்கள். உன் பாவத்தின் பலன் இது என்று விளக்கத் தொடங்கினார்கள். நூலின் கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபம், புலம்பி வழக்காடிய யோபுவின் மேல் வரவில்லை; விளக்கம் சொன்ன நண்பர்கள் மேலேயே வந்தது. பின்னர் யோபுவே அவர்களுக்காக வேண்டிக்கொள்கிறான். இரக்கம் அங்கே காயப்பட்டவனிடமிருந்து, அவனுக்குரிய நேரத்தில் வந்தது. யாரும் அவனிடமிருந்து அதைப் பிடுங்கவில்லை.

சொந்த ஊரைவிட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நமக்கு இது மேலும் பொருந்தும். இங்கே ஒரு வீட்டில் துக்கம் என்றால் ஊரிலிருந்து உறவு வந்து சேர இரண்டு நாள் ஆகலாம். அந்த இரண்டு நாளும் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களே உறவு. அப்போது செய்ய வேண்டியது விளக்கமோ உபதேசமோ அன்று. கூட உட்காருவது, சமைத்துக் கொண்டுபோவது, காவல் நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ துணைபோவது, மொழி தெரியாதவருக்கு மனு எழுதிக் கொடுப்பது. இவற்றில் இரக்கமும் இருக்கிறது, நீதியும் இருக்கிறது.

முடியாத கேள்வி

வழக்கு முடிந்தும் கேள்வி முடியவில்லை. 2024இல் தாரா சிங், தம் செயலுக்கு வருத்தம் தெரிவித்து, முன்கூட்டியே விடுதலை செய்யக் கோரி உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 2025 ஏப்ரலில் மகேந்திர ஹெம்பிரம் நன்னடத்தையின் பேரில் கியோஞ்சர் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டார். நீண்ட சிறைவாசத்துக்குப் பின் ஒருவரை வெளியே விடுவது இரக்கமா, நீதிக்குக் குறைவா? கிளாடிஸ் மன்னித்தார் என்பதை அரசு இதற்குக் காரணமாகக் காட்ட முடியாது. அது அவருடைய மன்னிப்பு. அரசு தன் கேள்விகளைத் தானே கேட்டாக வேண்டும். திருந்தியிருக்கிறாரா? மற்றவர்களுக்கு ஆபத்து உண்டா? இதே விதி எல்லாக் கைதிகளுக்கும், ஏழைக்கும் சிறுபான்மையினருக்கும் ஒன்றுபோலப் பொருந்துகிறதா? இரக்கமும் சட்டத்தின் வழியே வரும்போது அனைவருக்கும் சமமாக வர வேண்டும். சிலருக்கு மட்டும் காட்டப்படும் இரக்கத்துக்குச் சலுகை என்று பெயர்.

வீட்டில் கலந்து பேச

1. ரோமர் 12, 13 அதிகாரங்களையும், திருக்குறளின் 16, 55ஆம் அதிகாரங்களையும் ஒரே நாளில் படியுங்கள். யாரிடம் எது எதிர்பார்க்கப்படுகிறது என்று பிள்ளைகளையே பட்டியலிடச் சொல்லுங்கள்.

2. "மன்னித்துவிடு" என்று நாம் கடைசியாக யாரிடம் சொன்னோம்? அவருடைய துன்பம் குறைய வேண்டும் என்பதற்காகவா, நம் தொல்லை தீர வேண்டும் என்பதற்காகவா?

3. லூக்கா 18இல் வரும் விதவை நம் குடியிருப்பில் இருந்தால், அவளோடு அந்த நீதிபதியின் வாசலுக்கு யார் துணைபோவார்கள்?

4. ஷேக் ரஹ்மான், அருள்தாஸ் ஆகியோரைப் போல, நாம் பெயர் கேட்டிராமலே விட்டுவிட்டவர்கள் நம் நகரத்தில் யார் யார்?